சிறிய விமானத்தின் எரிபொருள் அமைப்பைப் பரிசோதிப்பது எப்படி: டேங்க் மூடி முதல் இன்ஜின் வரை

டேங்கில் எரிபொருள் இருக்கும்போதே இன்ஜின் நின்றுபோவது சிறிய விமானங்களில் புதிதல்ல. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து மழைநீர் உள்ளே இறங்கியிருக்கும். காற்றுக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் கைப்பிடி இரண்டு டேங்குகளுக்கும் நடுவே எங்கோ நின்றிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை வானத்தில் திடீரென்று முளைப்பவை அல்ல. தரையில் இருக்கும்போதே கண்ணுக்கோ கைக்கோ மூக்குக்கோ ஏதாவது ஓர் அடையாளம் கிடைத்திருக்கும்.

அந்த அடையாளத்தைத் தவறவிடாமல் இருக்க நான் நம்பும் வழி ஒன்றுதான்: எரிபொருள் போகும் பாதையிலேயே நாமும் போவது. மூடியில் தொடங்கி டேங்க், குழாய், செலக்டர், வடிகட்டி, பம்ப், கார்புரேட்டர் என்று வரிசையாக, ஒன்றைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்ததற்கு. பட்டியலை மனப்பாடம் செய்தவர் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிடலாம். பாதையைப் பின்தொடர்பவருக்கு அடுத்தது என்ன என்று குழாயே காட்டிவிடும்.

இதில் இரண்டு நிலைகள் உண்டு. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் விமானி செய்ய வேண்டியது ஒன்று. இன்ஜினை மூடியிருக்கும் கௌலிங்கைக் கழற்றி, தரைப்பலகைகளைத் திறந்து, 100 மணி நேரத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ உரிமம் பெற்ற பொறியாளர் செய்வது இன்னொன்று. கீழே இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். எது யாருடைய வேலை என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். உங்கள் விமானத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால், கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

தொடங்கும் முன்

பிஸ்டன் விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸ் எளிதில் தீப்பிடிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு எளிதில் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. உறைபனிக்கும் வெகு கீழான குளிரில்கூட அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அப்படியென்றால் நாம் வேலை செய்யும் எந்த வானிலையிலும் திறந்த மூடியைச் சுற்றித் தீப்பிடிக்கும் ஆவி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே காற்றோட்டமான இடம் வேண்டும், முடிந்தால் ஹேங்கருக்கு வெளியே. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவும், மின்சாரத்துக்கான மாஸ்டர் ஸ்விட்சும் அணைந்திருக்க வேண்டும். சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். செல்போனை வேறெங்காவது வைத்துவிடுங்கள். எரிபொருள் ஆவி உள்ள இடத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட டார்ச்சைப் பயன்படுத்துங்கள்; வெறும் பல்பு தொங்கும் விளக்கு கூடாது.

எரிபொருளை ஊற்றுவதாகவோ வடிப்பதாகவோ இருந்தால், மூடியைத் திறக்கும் முன்பே, விமானத்தையும் எரிபொருள் கேனையும் மின்சாரரீதியாக இணைக்கும் பாண்டிங் கம்பியை மாட்டிவிடுங்கள். பெயின்ட் அடித்த இடத்தில் மாட்டினால் பயன் இல்லை. வெறும் உலோகத்தைக் கவ்வ வேண்டும். எரிபொருள் ஓடும்போதே நிலைமின்சாரம் உண்டாகும். பிளாஸ்டிக் கேன், பிளாஸ்டிக் புனல் வழியாக ஊற்றும்போது அது போக வழியின்றித் தேங்கும்.

இன்னொன்று, 100 எல்எல் என்ற ஏவ்கேஸ் வகையில் ஈயச் சேர்மம் கலந்திருக்கிறது, லிட்டருக்கு 0.56 கிராம் ஈயம் வரை இருக்கலாம். தோல் வழியாகவும் அது உடம்புக்குள் போகும். கையுறை போடுங்கள். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வடித்த எரிபொருளைத் தரையில் வீசும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரு உலோகக் கேன் வைத்து அதில் சேருங்கள்.

1. உங்கள் விமானத்தின் அமைப்பை ஒரு தாளில் வரையுங்கள்

இதை ஒரே ஒரு முறை செய்தால் போதும். ஆனால் கட்டாயம் செய்யுங்கள். கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து, எத்தனை டேங்க், எங்கெல்லாம் வடிகால் வால்வு, வென்ட் என்ற காற்றுக்குழாய் எங்கே திறக்கிறது, பம்ப் எத்தனை என்று நீங்களே வரைந்து பாருங்கள்.

இறக்கை மேலே உள்ள செஸ்னா 172-இல் எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கி வருகிறது. இரண்டு டேங்குகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும் ‘போத்’ நிலை அதன் செலக்டரில் உண்டு. இறக்கை கீழே உள்ள பைப்பர் பிஏ-28 குடும்பத்தில் பம்ப்தான் எரிபொருளை மேலே இழுக்க வேண்டும். அங்கே ‘போத்’ கிடையாது. இடது அல்லது வலது மட்டும். காரணம் எளிது. இரண்டு டேங்குகளையும் சேர்த்து உறிஞ்சும்போது ஒன்று முதலில் காலியானால், பம்ப் எரிபொருளை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே, வடிகட்டியை எப்படி வடிப்பது, செலக்டரை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

ஒரே பெயருள்ள விமானங்களிலும் அமைப்பு மாறும். பழைய 172-இல் சில வடிகால்களே இருக்கும். இன்ஜெக்ஷன் இன்ஜினோடு வந்த 172 ஆர், 172 எஸ் மாடல்களில் மொத்தம் 13: ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்து, உடலின் அடியில் மூன்று. பழைய விமானத்தில் பழகியவர் புதியதில் பாதி வடிகால்களைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார்.

2. மூடியும் அளவும்

ஏணி வைத்து ஏறி மூடியைக் கையால் திறந்து பாருங்கள். தரையில் நின்றே ‘மூடியிருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. ஓ-ரிங் அல்லது கேஸ்கெட் மிருதுவாக இருக்கிறதா, வெடிப்போ தட்டையான இடமோ இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மூடி பூட்டும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும். இறக்கையோடு சமதளமாக உட்காரும் மூடிகளில் இன்னும் கவனம் தேவை. மழைநீர் தேங்கும் குழி அதைச் சுற்றியே இருக்கிறது. வளையம் தேய்ந்தால் அந்தத் தண்ணீர் நேராக டேங்குக்குள் போகும். விமானம் வெளியில் நிற்பதாக இருந்தால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இந்த மூடியைச் சந்தேகப்படுங்கள்.

மூடிக்குப் பின்னால் இறக்கையின் மேல் நீலக் கோடு ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பறக்கும்போது இறக்கையின் மேல்புறம் காற்றழுத்தம் குறைவு. மூடி சரியாக உட்காராவிட்டால் எரிபொருள் மேலே உறிஞ்சப்பட்டு வெளியே போகும். 100 எல்எல்-க்கு நீலச் சாயம் இருப்பதால், அது காய்ந்த பிறகும் தடம் நிற்கும்.

அப்புறம் அளவு. காக்பிட்டில் உள்ள அளவுமானியை மட்டும் நம்ப வேண்டாம். மிதவையும் கம்பியும் வைத்த பழைய வகை மானிகள் வருடக்கணக்கில் தவறாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதற்காக அதை அலட்சியப்படுத்தவும் கூடாது. 2017 வரை இருந்த அமெரிக்கச் சான்றளிப்பு விதியே அதை எப்படி அளவுதிருத்த வேண்டும் என்று சொன்னது. சமமாகப் பறக்கும்போது, டேங்கில் பயன்படுத்த முடியாத எரிபொருள் மட்டுமே மிஞ்சும் நிலையில் மானி பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அளவுக் குச்சியை விட்டுப் பாருங்கள். அந்தக் குச்சி உங்கள் மாடலுக்கே உரியதாக இருக்க வேண்டும். இன்னொரு விமானத்தின் குச்சி இங்கே பொய் சொல்லும். தரை சரிந்திருந்தால் ஒரு டேங்க் கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் காட்டும். குச்சி காட்டியதையும் மானி காட்டியதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில மாதங்களில் மானியின் குணம் பிடிபட்டுவிடும்.

அலகிலும் கவனம் வேண்டும். ஏவ்கேஸ் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.72 கிலோ, ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். கேலன், லிட்டர், பவுண்டு, கிலோ நான்கும் ஒரே மேசையில் புழங்கும் தொழில் இது. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லி என்ற பழைய ஓடுபாதையில் சறுக்கி இறங்கியது. கிலோவுக்குப் பதிலாகப் பவுண்டுக் கணக்கை வைத்துப் பெருக்கியதால், தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு அது கிளம்பியிருந்தது. அவ்வளவு பெரிய விமானத்தில் நடந்தது நம் சிறிய விமானத்தில் நடக்க ஒரு நிமிடம் போதும்.

3. காற்று உள்ளே வரும் வழி

எரிபொருள் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வென்ட் அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஓட்டம் குறையும். ரப்பர் பை டேங்காக இருந்தால் பையே உள்ளே சுருங்கிவிடும். பை சுருங்கும்போது மிதவையும் சேர்ந்து உயர்ந்து, மானி ‘நிறைய இருக்கிறது’ என்று காட்டுவதும் உண்டு.

குளவிகளுக்கு இந்தக் குழாய் அளவெடுத்துச் செய்த வீடு. ஒரே வாரம் நின்ற விமானத்தில் வென்ட் முழுவதும் மண்ணால் அடைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்; வெளியிலிருந்து பார்த்தால் குழாயின் வாய் சற்றே பழுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கூடு இருந்தால் கம்பியால் உள்ளே தள்ளாதீர்கள். மண் டேங்குக்குள் போய்விடும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது பொறியாளர் வேலை.

செஸ்னா 172-இல் வென்ட் குழாய் இடது இறக்கையின் அடியில், இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்ட்ரட்டை ஒட்டி அது எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று பராமரிப்புக் கையேட்டில் அளவு கொடுத்திருக்கிறார்கள். யாராவது தலையில் இடித்து அதை வளைத்திருந்தால், பார்ப்பதற்குச் சின்ன விஷயமாக இருந்தாலும் டேங்கின் அழுத்தம் மாறும்.

4. வடித்துப் பார்த்தல்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

எப்போது வடிப்பது? அன்றைய முதல் பறப்புக்கு முன், விமானத்தை நகர்த்துவதற்கு முன். இரவு முழுக்க அசையாமல் நின்றதால் தண்ணீர் அடியில் படிந்திருக்கும். தள்ளிக்கொண்டு போனால் அது கலங்கிவிடும். எரிபொருள் நிரப்பிய பிறகும் ஒவ்வொரு முறையும் வடிக்க வேண்டும், ஆனால் உடனே அல்ல. குறைந்தது 15 நிமிடம் விட்டு, தண்ணீரும் தூசும் கீழே இறங்கிய பிறகு.

எந்த வரிசையில்? முதலில் இறக்கை டேங்குகள், கடைசியில் வடிகட்டி. வடிகட்டியை முதலில் திறந்தால், டேங்கின் அடியில் கிடக்கும் தண்ணீரை நாமே குழாய்க்குள் இழுத்துக்கொள்வோம். ‘போத்’ இல்லாத விமானத்தில் செலக்டரை இடதில் வைத்து ஒரு முறை, வலதில் வைத்து ஒரு முறை வடிகட்டியை வடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கக் குழாயில் இருப்பது வெளியே வராது.

எவ்வளவு? நாலு சொட்டு போதாது. கோப்பை பாதியாவது நிறையட்டும். கோப்பையை வெளிச்சத்துக்கு நேராகவும், பிறகு ஏதாவது வெள்ளைப் பரப்பின் முன்பும் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் எரிபொருளைவிடக் கனமானது. அடியில் முத்துப்போலவோ தெளிவான அடுக்காகவோ நிற்கும். துரு, மணல், ரப்பர் துணுக்கு, சீலண்ட் துண்டு எது தெரிந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை விடாதீர்கள். கறுப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் ஏதோ ஒரு ஹோஸ் உள்ளே உரிகிறது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கோப்பையில் வந்தது முழுக்கத் தண்ணீராகவே இருந்தால், கோடு எதுவும் தெரியாது. ‘சுத்தமாக இருக்கிறது’ என்றே தோன்றும். அதனால் நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். 100 எல்எல் நீலம். 100/130 பச்சை. பழைய 80/87 சிவப்பு. ஜெட் எரிபொருளுக்குச் சாயம் கிடையாது; நிறமற்றோ வைக்கோல் நிறமாகவோ இருக்கும். சந்தேகம் வந்தால் கோப்பையில் ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். அது தனியே கீழே இறங்கி உருண்டால் கோப்பையில் இருப்பது எரிபொருள். உள்ளே கரைந்து மறைந்தால், நீங்கள் கையில் வைத்திருப்பது தண்ணீர்.

தண்ணீர் வந்தால் என்ன செய்வது? சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்ப வடியுங்கள். பிறகு இறக்கைகளைப் பிடித்து மெதுவாக ஆட்டி, வாலைக் கீழே அழுத்தி, சற்று நேரம் விட்டு மறுபடியும் வடியுங்கள். ரப்பர் பை டேங்குகளுக்கு இது மிகவும் முக்கியம். பையின் அடியில் மடிப்பு விழுந்திருந்தால் தண்ணீர் வடிகாலுக்கு வராமல் மடிப்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும். விமானம் மூக்கைத் தூக்கும்போதுதான் அது அணை உடைந்ததுபோல் புரண்டு வரும். இந்தக் காரணத்தால்தான் 1984-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, பை டேங்க் உள்ள பல செஸ்னா மாடல்களுக்கு 84-10-01 என்ற கட்டாய உத்தரவைப் போட்டு மடிப்புகளைப் பார்க்கச் சொன்னது. மூன்று நான்கு முறை வடித்தும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

தவறான எரிபொருள் இன்னும் கொடியது. பிஸ்டன் இன்ஜினில் ஜெட் எரிபொருள் கலந்தால், குழாயிலும் கார்புரேட்டரிலும் மிச்சமிருக்கும் ஏவ்கேஸில் இன்ஜின் கிளம்பும், ஓடுபாதை வரை போகும், மேலேயும் ஏறும். அதன் பிறகுதான் சக்தி போகும். புகழ்பெற்ற அமெரிக்க விமானி பாப் ஹூவருக்கு இப்படித்தான் நடந்தது. அவருடைய ஷ்ரைக் கமாண்டரில் ஏவ்கேஸுக்குப் பதில் ஜெட் எரிபொருளை நிரப்பியிருந்தார்கள். இரண்டு இன்ஜின்களும் நின்றும் அவர் உயிர் தப்பினார். அதன் பிறகு அவர் பெயரிலேயே வந்தது, டேங்க் வாயைச் சுருக்கும் வளையமும் அதில் நுழைய முடியாத அகலமான ஜெட் நாசிலும். இன்றைய அமைப்பும் அதே யோசனைதான்: 2017 வரை இருந்த அமெரிக்கச் சான்றளிப்பு விதிப்படி ஏவ்கேஸ் டேங்கின் வாய் 2.36 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் டேங்க் வாயில் அந்த வளையம் இருக்கிறதா, எரிபொருள் வகையை எழுதிய பட்டை படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரசீதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கலப்படம் என்று தோன்றினால் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். ஏவ்கேஸ் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை வளையமாக நிற்கும்.

கார் பெட்ரோலில் ஓட அனுமதி பெற்ற விமானங்களுக்கு எத்தனால் சோதனையும் தேவை. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஒரு பங்கு தண்ணீர், ஒன்பது பங்கு பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நிற்க விடுங்கள். தண்ணீரின் மட்டம் போட்ட கோட்டைத் தாண்டி உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது என்று பொருள். ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் 10 சதவீதம் வரை ஏற்கும். பழைய விமானங்களுக்குக் கொடுத்த பல பெட்ரோல் அனுமதிகள் எத்தனாலை அறவே ஏற்பதில்லை. இன்ஜின் ஏற்றாலும் டேங்க் சீலண்டும் ஹோஸும் ஏற்குமா என்பது தனிக் கேள்வி.

வடித்து முடித்ததும் வால்வு முழுதாக மூடியதா, சொட்டுகிறதா என்று சில விநாடிகள் நின்று பாருங்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலும் வால்வு திறந்தே நிற்கும்.

5. டேங்கின் வெளிப்புறம்

நீலக் கறைதான் இங்கே உங்கள் வழிகாட்டி. இறக்கையின் அடியில் ஆணி வரிசைகள், டேங்க் ஓரங்கள், இறக்கை உடலோடு சேரும் இடம், எல்லாவற்றையும் பாருங்கள்.

கசிவை எப்படி மதிப்பிடுவது என்பதற்குப் பொறியாளர்கள் ஓர் எளிய முறை வைத்திருக்கிறார்கள். கசியும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, 30 நிமிடம் கழித்து ஈரம் எவ்வளவு பரவியது என்று அளப்பார்கள். முக்கால் அங்குலம் வரை என்றால் அது வெறும் கறை. ஒன்றரை அங்குலம் வரை கசிவு. நாலு அங்குலம் வரை கடும் கசிவு. அதற்கு மேல் சொட்டினாலோ ஓடினாலோ, பழுது பார்க்காமல் பறக்கவே கூடாது. காற்றோட்டமில்லாத மூடிய பகுதிக்குள் இருந்தால், மிகச் சிறிய கறையாக இருந்தாலும் அதையும் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆவி அங்கே போக வழியில்லாமல் சேரும். கேபினுக்குள் எரிபொருள் வாசனை வந்தாலும் இதே முடிவுதான். ‘கொஞ்சம் வாசனை எப்போதும் உண்டு’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

ரப்பர் பை டேங்குகளை நீண்ட நாள் காலியாக விட்டால் காய்ந்து வெடிக்கும். நிறுத்திவைக்கும் விமானத்தில் எரிபொருள் நிரப்பி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டேங்குக்குள் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகப் படிவதும் அதனால் குறையும்.

6. குழாய்களும் ஹோஸ்களும்

இது கௌலிங்கும் தரைப்பலகையும் திறந்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. அலுமினியக் குழாய் எங்கேயாவது உராய்கிறதா என்று பாருங்கள். கிளாம்ப்பின் ரப்பர் மெத்தை தேய்ந்துபோனால், கிளாம்ப்பே குழாயை அறுக்கும். நசுங்கல், கூர்மையான வளைவு, நட்டின் கழுத்தில் வெடிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். மின்கம்பிகள் எரிபொருள் குழாய்க்கு மேலாகப் போக வேண்டும். குழாயையே தாங்கலாக வைத்து யாராவது கம்பியைக் கட்டியிருந்தால் அதை உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

ஒரு இணைப்பு கசிந்தால் ‘இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்’ என்று ஸ்பானரை எடுக்கக் கை பரபரக்கும். அதிகமாக இறுக்கினால் குழாயின் விரிந்த முனை நசுங்கி இன்னும் மோசமாகும். கழற்றி, முனையைப் பார்த்து, குறித்த டார்க் அளவில் இறுக்க வேண்டும். இந்த இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. கிழிந்த நூல் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஹோஸில் முதலில் பார்க்க வேண்டியது தேதிப் பட்டை. ரப்பர் ஹோஸ்களுக்கு ஐந்து ஆண்டு அல்லது இன்ஜின் ஓவர்ஹால் என்ற வரம்பைப் பல தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். ரோட்டாக்ஸ் இன்ஜின்களின் ரப்பர் பாகங்களுக்கும் ஐந்து ஆண்டுதான். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தேதி கடந்ததை விட்டுவைக்காதீர்கள். ரப்பர் உள்பக்கமாகத்தான் முதலில் உரியும். டெஃப்லான் ஹோஸுக்கு வேறு குணம்: பல காலம் வளைந்திருந்தால் அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும். கழற்றும்போது அதை நிமிர்த்தினால் உள்ளே மடிந்து விரிசல் விடும்.

7. செலக்டர் வால்வு

கைப்பிடியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று உட்காருவது கைக்குத் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டே போனாலும் தவறு, இரண்டு கையால் திருப்ப வேண்டியிருந்தாலும் தவறு. கைப்பிடியின் எந்த முனை டேங்கைக் காட்டுகிறது என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. கைப்பிடிக்கும் வால்வுக்கும் நடுவே நீண்ட தண்டு இருந்தால், அதன் இணைப்புப் பின் தேய்ந்து கைப்பிடி ஓரிடத்தையும் வால்வு வேறிடத்தையும் காட்டுகிறதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும்.

இந்தப் படியை எழுதும்போதெல்லாம் எனக்கு ஜான் டென்வர் நினைவுக்கு வருகிறார். பாடகரான அவர் 1997 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், லாங்-ஈஸி என்ற வீட்டில் கட்டிய விமானம் விழுந்து இறந்தார். அந்த விமானத்தில் செலக்டர் கைப்பிடியை அதைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். கைப்பிடியில் குறி எதுவும் இல்லை; எரிபொருள் மட்டம் காட்டும் குழாய்களிலும் குறி இல்லை. கைப்பிடியை எட்டுவதற்காகத் திரும்பியபோது கட்டுப்பாடு தவறியது என்பதே விசாரணையின் முடிவு. புறப்படும் முன் அவர் எரிபொருள் நிரப்பிக்கொள்ளவில்லை என்பதையும் அறிக்கை சொன்னது. அதனால், பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில், தலையைத் திருப்பாமல், உங்கள் கை செலக்டரை எட்டுகிறதா என்று தரையிலேயே செய்து பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் அன்றே புதிதாக ஒட்டுங்கள்.

8. கேஸ்கொலேட்டர்

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலில், அமைப்பின் தாழ்வான இடத்தில் தொங்கும் இந்த வடிகட்டிக் கிண்ணம்தான் இன்ஜினுக்கு முன்னால் உள்ள கடைசிக் காவல். ஆண்டுப் பரிசோதனையில் கிண்ணத்தைக் கழற்றி, வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படிந்திருப்பதை உடனே கழுவி ஊற்றாதீர்கள். வெள்ளைத் துணியில் தட்டி, அது துருவா, ரப்பரா, சீலண்டா என்று முதலில் பாருங்கள். புதுக் கேஸ்கெட் போட்டு மூடி, லாக் வயர் கட்டி, செலக்டரைத் திறந்து, பம்ப் இருந்தால் அதையும் போட்டுச் சில நிமிடம் கசிவு பாருங்கள். கிண்ணம் சரியாக உட்காராவிட்டால் கசிவதோடு நிற்காது. பம்ப் இழுக்கும் அமைப்பில் அந்த இடைவெளி வழியாகக் காற்றும் உள்ளே வரும்.

அமெரிக்க விதிகளில், எரிபொருள் வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் தயாராக வரும் எரிபொருள் குழாயை மாற்றுவதும் விமானி உரிமம் உள்ள உரிமையாளரே செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் நாட்டு விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

9. பம்ப், கார்புரேட்டர், இன்ஜெக்டர்

இன்ஜினை இயக்கும் முன் மின்பம்பைப் போட்டு அதன் சத்தத்தைக் கேளுங்கள்; அழுத்தமானி உயர வேண்டும். கார்புரேட்டர் உள்ள பிஏ-28-இல் 0.5 முதல் 8 பிஎஸ்ஐ வரை சரியான எல்லை. இன்ஜின் ஓடும்போது மின்பம்பை அணைத்து, இன்ஜின் பம்ப் தனியாகவும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

கார்புரேட்டரின் இணைப்பு விளிம்பில் நீலக் கறை இருந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம். கார்புரேட்டருக்குக் காற்று தரும் ஏர்பாக்ஸ் வழியாகச் சொட்டினால், ஊசி வால்வு சரியாக மூடவில்லை அல்லது மிதவை சிக்கியிருக்கிறது. நிறுத்திய விமானத்தின் அடியில் நீலச் சொட்டு விழுந்திருந்தால் முதலில் இங்கே பாருங்கள். இன்ஜினைக் கிளப்பக் கூடுதல் எரிபொருள் தரும், கையால் இழுக்கும் பிரைமர் உள்ள விமானத்தில் அது உள்ளே தள்ளிப் பூட்டியிருக்க வேண்டும்.

இன்ஜெக்ஷன் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய எஃகுக் குழாய் போகும். அதிர்வில் வெடித்தால், அழுத்தத்தோடு பீய்ச்சும் எரிபொருள் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழும். இன்ஜின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம் தன் 342 எண் சர்வீஸ் புல்லட்டினில், இந்தக் குழாய்களையும் அவற்றைப் பிடிக்கும் கிளாம்ப்புகளையும் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறது. ஒரு கிளாம்ப் காணாமல் போயிருந்தால் குழாய் வெடிக்கப்போகும் இடம் உங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

10. ஓட்ட அளவும் இன்ஜின் ஓட்டமும்

குழாயோ செலக்டரோ டேங்கோ மாற்றிய பிறகு, அல்லது வீட்டில் கட்டிய விமானம் முதல் முறை பறக்கும் முன், எரிபொருள் ஓட்டத்தை அளந்தே ஆக வேண்டும். கார்புரேட்டர் நுழைவாயிலில் குழாயைக் கழற்றி, மூக்கை ஏறும் கோணத்தில் நிறுத்தி, டேங்கில் மிகக் குறைந்த எரிபொருள் மட்டும் வைத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். புறப்படும்போது இன்ஜினுக்குத் தேவையானதில், எடையால் இறங்கும் அமைப்பு 150 சதவீதமும் பம்ப் அமைப்பு 125 சதவீதமும் தர வேண்டும். உதாரணமாக முழுச் சக்தியில் மணிக்கு 50 லிட்டர் குடிக்கும் இன்ஜினுக்கு, எடையால் இறங்குவது என்றால் நிமிடத்துக்கு 1.25 லிட்டர் வர வேண்டும். பம்ப் என்றால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாக அளந்து, எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது குறைந்திருந்தால், எங்கோ அடைக்கத் தொடங்கியிருக்கிறது.

பிறகு எல்லாவற்றையும் மாட்டி இன்ஜினை இயக்குங்கள். ஒவ்வொரு டேங்கிலும் சில நிமிடம் ஓட விடுங்கள். பராமரிப்புக்குப் பின் ஒரு முறையாவது செலக்டரை ‘ஆஃப்’ நிலைக்குத் திருப்பி, இன்ஜின் உண்மையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். தீ விபத்தில் அந்த வால்வைத்தான் நம்பப் போகிறோம். விமானிகளுக்கு இதோடு சேர்ந்த ஒரு பழக்கம்: எந்த டேங்கில் புறப்படப் போகிறீர்களோ, அதிலேயே டாக்ஸியும் (தரையில் ஓட்டிச் செல்வது) ரன்-அப்பும் (புறப்படும் முன் இன்ஜினைச் சோதிப்பது) செய்யுங்கள். ஓடுபாதையின் விளிம்பில் வந்து டேங்கை மாற்றினால், அந்தக் குழாயில் உள்ள கோளாறு மரங்களின் உயரத்தில்தான் தெரியவரும்.

இன்ஜின் நின்றதும் கௌலிங்கை மாட்டிவிடாதீர்கள். டார்ச்சோடு திரும்பிப் போய், கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பையும், கேஸ்கொலேட்டர் விளிம்பையும், வடிகால்களையும் மறுபடி பாருங்கள். காய்ந்த துணியால் ஒவ்வொன்றையும் துடைத்துத் துணியைப் பாருங்கள். துணி காய்ந்தே இருந்தால் தேதி, மணிக்கணக்கு, வலையில் கிடைத்தது என்ன, ஓட்ட அளவு எவ்வளவு, எந்த ஹோஸ் எப்போது மாற்ற வேண்டும் என்று லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, கௌலிங்கை மூடலாம்.